ஆணி அடிப்பதற்கு முன்

தர்ஷினி,

நீ போனை வைத்துவிட்டாய். போனில் என்னை நிறுத்துவது சுலபம், ஒரு விரல் போதும். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேச முடியாது. உன் அம்மா அந்தப் பேச்சுக்குப் பிறகு என்னிடம் முகம் கொடுத்தே பேசுவதில்லை. தேத்தண்ணியைக் கொண்டுவந்து மேசையில் 'டக்'கென்று வைப்பதோடு சரி.

இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. திறந்தே கிடக்கும். உன் அம்மா படிக்கட்டும், அவளுடைய அண்ணன் லிங்கமும் படிக்கட்டும், கோயிலடியில் உன் படிப்பைப் பற்றி என் காதுபடப் பேசுகிறவர்களும் படிக்கட்டும். விஷயம் இதுதான். இன்னும் சில வாரங்களில் நீ டொக்டர் பட்டம் வாங்கப்போகிறாய். அதற்காக நீ எழுதியிருக்கிற ஆராய்ச்சியில் நமுனுகுல மலையில் பெய்த மழைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் ஒரு வாரத்துக்கு மேல் உன் லிங்கம் மாமா மழையை அளக்கவே இல்லை. வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லியிருக்கிறார். உனக்கு இது தெரியாமல் இருந்தது. நான் சொன்ன பிறகு தெரியும். இதை உன் பல்கலைக்கழகத்திடம் நீ சொல்லப்போகிறாயா இல்லையா என்பதுதான் நமக்குள் இருக்கிற ஒரே வழக்கு.

"இத வேற யார்கிட்டயாவது சொன்னீங்களாப்பா?" என்று கேட்டாய்.

"ஒங்கம்மாகிட்ட."

"அப்ப வெளிய யாருக்கும் தெரியாது."

"ஒனக்குத் தெரியுமே."

"அப்பா, இது கொஞ்ச நாள் கணக்கு. வருசக்கணக்கா எடுத்த அளவுல இது ஒரு தூசி. இப்பப் போய்ச் சொன்னா எல்லாத்தையும் நிப்பாட்டிருவாங்க. ஸ்கொலர்ஷிப் முடியப்போகுது, விசா முடியப்போகுது."

"தூசின்னா சொல்றதுக்கு என்ன பயம்?"

"ஒங்களுக்கு எல்லாத்துலயும் சண்டை பிடிக்கணும்ப்பா" என்றாய். அதோடு வைத்துவிட்டாய்.

ஆமாம், சண்டை பிடிக்கிறவன்தான். என் காலத்தில் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க பதுளைக்குப் போகவேண்டும், பஸ்ஸுக்கு வழியில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற மாடியில் நின்றுகொண்டு, பதுளைக் கடை நானா சாமான் சுற்றிக் கொடுத்த இங்கிலீஷ் பேப்பர்களைத் தடவி விரித்து, அட்டை கிழிந்த ஒரு அகராதியை வைத்துக்கொண்டு படித்தவன் நான். யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் படித்தவர்களைக் கண்டு நான் எழுந்து நின்றதும் இல்லை. உனக்கு அந்தப் பல்கலைக்கழகம் அனுப்பிய முதல் கடிதம் ஞாபகம் இருக்கிறதா? லயத்து வரிசை வீடுகளுக்கு ஏது விலாசம்? தோட்ட ஆபீஸுக்குத்தான் வந்தது. அங்கே கிடந்து கிடந்து, பதில் எழுதவேண்டிய கெடு முடியப்போகிற நேரத்தில்தான் நமக்குத் தகவல் வந்தது. நான் போய்க் கேட்டபோது கிளாக்கர் சிரித்துக்கொண்டே, "வெளிநாட்டுக் கடதாசி, யாருக்கோ தவறி வந்திருக்குன்னு நெனச்சேன்" என்றார். "எங்க வீட்டுக்கு வந்தா தவறியா வரணும்?" என்று நான் போட்ட சத்தம் தொழிற்சாலை வரை கேட்டது. நீ வெட்கப்பட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். இப்போதும் அதே மாதிரித்தான் இழுக்கிறாய்.

போன தடவை வந்தபோது உன் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாய். அப்பா படம் பார்ப்பார் என்று நினைத்திருப்பாய். ஒரு மழைக்காலம் முழுவதும் அகராதியோடு உட்கார்ந்து அட்டையிலிருந்து அட்டைவரை படித்தேன். படித்ததில் எனக்குப் பிடித்தது கொஞ்சம்தான். ஒரு ராஜாவும் ஒரு பிஷப்பும் சேர்ந்து பாதிரிமாரைத் தயார்செய்வதற்காகத் தொடங்கிய இடம். நூற்றாண்டுக் கணக்கில் வசதியான வீட்டுப் பையன்கள் மட்டும் லத்தீன் பேசிக்கொண்டு திரிந்த இடம். குடித்துவிட்டு ஊர்க்காரர்களோடு அடிபிடி. அவர்களை அடைத்துவைக்கப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஒரு சிறை, ஏனென்றால் ஊர்ப் பொலிஸ் அவர்களைத் தொடக்கூடாது. அந்தச் சிறைச் சுவரில் அவர்கள் கிறுக்கிய பெயர்களுக்கு இன்றைக்குக் கண்ணாடி போட்டுக் காட்டுகிறார்கள். நம் ஆட்கள் குடித்துவிட்டு அடித்துக்கொண்டால் அது பொலிஸ் கேஸ். அவர்கள் அடித்துக்கொண்டால் அது சரித்திரம். பெண்களை உள்ளே விடுவதற்கும் அவர்களுக்கு லேசில் மனம் வரவில்லை. முதலில் வந்த பெண் வகுப்புக்குள் நுழைந்தபோது பையன்கள் சப்பாத்துக் காலால் தரையைத் தேய்த்துத் தேய்த்துச் சத்தம் எழுப்பினார்களாம், பாடம் அவள் காதில் விழக்கூடாது என்று. அவள் அந்த வருடம் முழுக்க முதல் வரிசையில் உட்கார்ந்தாளாம். அந்த இடத்தில் நான் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன், உன் புத்தகம் என்பதால் மெல்லிய கோடு.

புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கம் வந்தது. அதைப் படித்துவிட்டு அன்றைக்கு மூடி வைத்துவிட்டேன். மனிதர்களின் மண்டையை அளந்து எந்த இனம் உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று சொல்வதற்கு அங்கே ஒரு பிரிவே நடந்திருக்கிறது. வடக்கே பனியில் மான் மேய்க்கிற ஏழைச் சனங்களை வரிசையில் நிறுத்தி, உடுப்பைக் களையவைத்து, படம் எடுத்து, நம்பர் போட்டிருக்கிறார்கள். நம் முன்னோரையும் தோட்ட வேலைக்குக் கப்பல் ஏற்றுவதற்கு முன்னால் அப்படித்தான் வரிசையில் நிறுத்தி மருந்து அடித்தார்கள் என்று எங்கள் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இந்த இடத்துக்கா என் பிள்ளையை அனுப்பினேன் என்று உன் அம்மாவிடம் கத்தினேன். "நடந்து முடிஞ்சதுக்கெல்லாம் இப்பக் கத்துங்க" என்றாள்.

மறுநாள் மறுபடியும் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அதை எழுதியது யார் என்று பார்த்தேன். எதிரி யாரும் எழுதவில்லை. அந்தப் பல்கலைக்கழகமே தன்னைப் பற்றி, தன் செலவில் அச்சடித்த புத்தகத்தில் எழுதியிருக்கிறது. அட்டவணைகள் எல்லாம் சுத்தமாக இருந்தனவாம். அளந்தவர்கள் கெட்டிக்காரர்களாம். பதிலை மட்டும் முதலிலேயே முடிவுசெய்துவிட்டு, அதற்குப் பொருந்துகிற எண்ணை எடுத்தார்களாம். அந்தக் கட்டட வாசலில் இதைச் சொல்லி ஒரு பலகை வைத்திருக்கிறார்கள் என்று நீயே எனக்குப் படம் அனுப்பினாய். அங்கேதான் எனக்கு அந்த இடத்தின் மேல் முதன்முதலாக மரியாதை வந்தது. அவர்கள் பெரிய மண்டபத்தின் வாசலில் செதுக்கிவைத்திருக்கிற லத்தீன் வாசகத்தைப் பார்த்து வரவில்லை. நல்ல வாசகம் எழுதாத பள்ளிக்கூடச் சுவர் எங்கே இருக்கிறது? தங்கள் பிழையைத் தங்கள் வாசலில் எழுதிவைக்கிறவர்களைத்தான் நான் கண்டதில்லை. நம் பக்கத்தில் எந்தத் தோட்ட ஆபீஸ் வாசலிலாவது அப்படி ஒரு பலகை இருக்கிறதா?

நீ அங்கே போன புதிதில் சொன்ன கதைகள் எல்லாம் எனக்கு மறக்கவில்லை. ஒன்பது மணி வகுப்பு என்று போட்டிருந்தால் ஒன்பதேகாலுக்குத்தான் தொடங்கும், கோயில் மணி அடித்து மாணவர்கள் நடந்துவருவதற்காக அந்தக் காலத்தில் விட்ட கால்மணி நேரம் அது, இன்னும் அப்படியே இருக்கிறது என்றாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நம் தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு, அதுதான் ஆள் எடுக்கிற இடத்துக்கு, கொஞ்சம் பிந்திப் போனால் "வீட்டுக்குப் போ" என்று திருப்பி அனுப்புவார்கள், அன்றைய கூலி போச்சு. அங்கே பிந்துவதே சட்டம். பத்து மணிக்கு எல்லோரும் கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டுக் கோப்பி குடிக்கக் கூடுகிறார்கள், கூட்டித் துடைக்கிற அம்மாவும் பேராசிரியரும் ஒரே மேசை என்றாய். உன் பேராசிரியை இங்கிரிட்டைப் பேர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும் என்பதுதான் உனக்குப் பெரிய தொல்லை.

"எனக்கு வாய் வரலப்பா" என்றாய்.

"அப்ப எப்பிடித்தான் கூப்பிட்ற?"

"கூப்பிட்றதே இல்ல. முன்னால போய் நிப்பேன். அவங்களா நிமிந்து பாப்பாங்க."

துரை பங்களா வாசலில் உன் பாட்டன் அப்படித்தான் நின்றார். நான் நிற்கவில்லை. என் மகள் கடல் தாண்டிப் போய் மறுபடியும் நிற்கிறாளே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு ஒருநாள் நீயே சொன்னாய். இங்கிரிட் அம்மா சொன்னதற்கெல்லாம் நீ சரி, சரி என்று தலையாட்டினாயாம். அவர் பேனாவை வைத்துவிட்டு, "என்னோடு ஒத்துப்போவதற்கா நீ இவ்வளவு தூரம் வந்தாய்?" என்று கேட்டாராம். அந்த வாரமே நீ அவர் கணக்கில் ஒரு பிழையைக் காட்டினாய். அவர் சந்தோஷப்பட்டு அதை எல்லோர் முன்னாலும் கோப்பி மேசையில் சொன்னார். நீ அதை எனக்குப் போனில் சொன்னபோது உன் குரல் எப்படி இருந்தது தெரியுமா? அந்தக் குரலை இப்போது காணவில்லை.

இன்னும் இரண்டு விஷயம் சொல்லிவிட்டு மழைக்கு வருகிறேன். அங்கே மாணவர்களுக்கு அந்த நாட்டின் ஒவ்வொரு மாகாணத்தின் பேரிலும் ஒரு வீடு இருக்கிறது, அதற்கென்று சமையலறை, பாட்டுக்குழு, கொடி எல்லாம் இருக்கிறது. வெளிநாட்டுப் பிள்ளைகள் தங்களுக்கு விருப்பமான மாகாணத்தில் சேர்ந்துகொள்ளலாம். நீயும் போய் ஒரு மாகாணத்துக்காரியாகிவிட்டாய். "சமையல் நல்லா இருந்துச்சு, அதனால அதுல சேந்தேன்" என்றாய். நீ விளையாட்டாகச் சொன்னாய். எனக்கு அது விளையாட்டாக இல்லை. இந்த ஊவா மாகாண மண்ணிலேயே பிறந்து இதற்குள்ளேயே புதைந்தவர்கள் எங்கள் அப்பாவும் அவர் அப்பாவும். எந்த ஊர் என்று கேட்டு, குடியுரிமைத் தாளைக் காட்டு என்று கேட்டு அவர்களை அலைக்கழித்தார்கள். உன்னிடம் எந்த ஊரில் சேர விருப்பம் என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டாவது, அவர்களுடைய செடித்தோட்டத்தில் கண்ணாடி வீட்டுக்குள் ஒரு தேயிலைச் செடி நிற்பதைப் படம் எடுத்து அனுப்பினாய். குளிர் படாமல் சூடு ஏற்றிவைத்திருக்கிறார்கள், பக்கத்தில் பேர்ப்பலகை. நம் லயத்துக் கூரை ஒழுகுகிறது, அங்கே ஒரு தேயிலைச் செடிக்கு ஹீட்டர். இதையெல்லாம் நினைத்து நான் குமுறுவதை நீ பழைய பாட்டு என்பாய். பாடத்தான் செய்வேன்.

இனி மழை. மலை சரிந்து மீரியபெத்த லயங்கள் மண்ணுக்குள் புதைந்த வருடம் நீ ஏ.எல். வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாய். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உடுப்பு சேர்த்துக்கொண்டு, தப்பியவர்கள் தங்கியிருந்த கொஸ்லந்தைக்குப் போய்வந்தாய். வந்தவள் சாப்பிடவில்லை. "மலை நகரும்னு சொல்லியிருந்தாங்களாம்ப்பா. எப்பன்னு யாருக்கும் சொல்லத் தெரியல" என்று மட்டும் சொன்னாய். அன்றைக்கு எடுத்த முடிவுதான் உன் படிப்பு. எவ்வளவு மழை எத்தனை நாள் பெய்தால் எந்த மலை நகரும் என்று கண்டுபிடிப்பது. யாரும் உன்னிடம் அதைப் படி என்று சொல்லவில்லை. நான் கிளாக்கர் வேலைக்குப் போகச் சொன்னேன், நீ கேட்கவில்லை. என் மகள் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

லிங்கம் மாமாவின் லயம் நீ ஆராய்கிற நமுனுகுல சரிவுக்குக் கீழேதான் இருக்கிறது. அதனால் அவர் வீட்டுக்குப் பின்னால் மழைமானியை நட்டாய். ஒவ்வொரு காலையும் தண்ணீரின் அளவைப் பார்த்து, ஊற்றிவிட்டு, எண்ணைப் போனில் பேசி அனுப்பவேண்டும். அவர் அதைக் கோயில் காரியம் மாதிரி செய்தார், அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. போன ஐப்பசியில் அவருக்குக் குளவி கொட்டியது. பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தார், அத்தையும் கூடவே. நீயும் போன் எடுத்து விசாரித்தாய். "ஒண்ணுமில்ல பாப்பா, சும்மா ரெண்டு கொட்டு" என்று, ஆஸ்பத்திரியில் கிடப்பதைக் காட்டாமல் உன்னிடம் சொல்லிவிட்டார்.

கோயில் திருவிழாவில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு இது தெரியவந்தது. பெருமையாகத்தான் சொன்னார்.

"மூஞ்சி பூசணிக்கா மாதிரி வீங்கிப் போச்சு மச்சான். அப்பக்கூட நம்ம பாப்பாவுக்கு ஒரு நா பேர் விடல நானு."

"ஆஸ்பத்திரியில கெடந்துக்கிட்டு எப்பிடி அளந்தீங்க?"

"சன்னல் இருக்குல்ல?" பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். "வெளிய பாத்தேன், கொட்டுது. ஒரு அறுபதுன்னு சொன்னேன். மறுநா அதவிடக் கொட்டுது, கூட்டிச் சொன்னேன். குடுக்கிறதுன்னா நல்லாக் குடுக்கணும்ல?"

இந்தப் பேச்சின் அர்த்தம் அந்த நாட்டுக்காரர்களுக்குப் புரியாது. உனக்குப் புரியும். நம் ஊரில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். வராத நாளுக்குப் பேர் இல்லை, பேர் இல்லாத நாளுக்குச் சம்பளம் இல்லை. லிங்கம் கங்காணியாக இருந்த காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வராமல் நின்ற பெண்ணுக்கும் பேர் போட்டுக்கொடுத்தவர். கொழுந்து குறைந்தவளுக்கு அடுத்தவள் கூடையிலிருந்து அள்ளிப் போட்டு நிறுவையைச் சரிக்கட்டியவர். அதனால்தான் அந்த மலையில் அவரைக் கும்பிடுகிறார்கள். நானும் அதைத் தப்பென்று ஒருநாளும் சொன்னதில்லை. கொழுந்தின் ஈரத்துக்கு, சாக்கின் எடைக்கு என்று சொல்லித் தோட்டம் நிறுவையில் எங்களிடம் வெட்டியதற்கு அது பதில். காலியாக ஒரு நாளை விடுவது அவர் கைக்கே வராது. உன் கணக்கிலும் காலி விழுந்தால் உனக்குப் பேர் வெட்டுவார்கள் என்று நினைத்து, நல்ல மனதோடு நிரப்பிவிட்டார். ஆனால் மலை துரை இல்லையே. அதன் கண்ணில் மண்ணைத் தூவி யாருக்கும் பேர் வாங்கிக்கொடுக்க முடியாது.

அந்த வாரம் பதுளையில்தான் கொட்டியது. நமுனுகுல பக்கம் தூறல்தான் என்று அந்த லயத்துக்காரர்களே சொல்கிறார்கள். உன் ஆராய்ச்சிப் புத்தகத்தில் என்ன இருக்கிறது? இவ்வளவு பெரிய மழைக்கும் இந்தச் சரிவு அசையவில்லை என்று அந்த வாரத்துக்கு மட்டும் நீ தனியாக ஒரு பத்தி எழுதியிருக்கிறாய். நீயே எனக்குப் போனில் வாசித்துக் காட்டினாய், எவ்வளவு சந்தோஷமாக வாசித்தாய். தூசிக்கு யாரும் தனிப் பத்தி எழுதுவதில்லை, தர்ஷினி. அந்த நாட்களை எடுத்துவிட்டால் உன் முடிவு மாறுமா, மாறாதா, எனக்குத் தெரியாது. எனக்கு அந்தப் படிப்பு இல்லை. உனக்கும் இன்னும் தெரியாது, ஏனென்றால் நீ அதை எடுத்துவிட்டுப் பார்க்கவில்லை. பார்க்கப் பயப்படுகிறாய். நாளைக்கு ஒரு அதிகாரி உன் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, அந்த அளவு மழை வரும்வரை ஆட்களை எழுப்பவேண்டாம் என்று சொல்லலாம். அப்போது அதற்குக் கீழே படுத்திருப்பது யார்?

உன் அம்மா இதை வேறு மாதிரிப் பார்க்கிறாள். "எங்கண்ணன் மூஞ்சியில கரி பூசணும், அதானே ஒங்களுக்கு? அதுக்கு எம்புள்ளயோட படிப்புத்தான் கெடச்சிச்சா?" என்றாள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே எனக்கும் லிங்கத்துக்கும் ஒத்துப்போகாது என்பது ஊருக்கே தெரியும். அதனால்தான் முதுகுக்குப் பின்னால் எழுதக்கூடாது என்று பஸ் ஏறி அவர் வீட்டுக்கே போனேன். இந்தக் கடிதத்தில் இதுவரை எழுதியதை அவர் முன்னால் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். அவர் தேத்தண்ணியைக் கையில் வைத்தபடியே கேட்டார். குடிக்கவில்லை.

"வெள்ளக்காரன்கிட்ட என்னக் காட்டிக்குடுக்கப் போறீங்க" என்றார்.

"புள்ளதான் சொல்லணும். நான் சொல்லச் சொல்றேன்."

"நான் பொய்க்காரனா மச்சான்?"

"அளக்காத மழைய அளந்தேன்னு சொன்னா அதுக்குப் பேரு என்னான்னு நீங்களே சொல்லுங்க."

எழுந்து வீட்டுக்குப் பின்னால் போனார். மழைமானியை வேரோடு பிடுங்குகிற மாதிரிப் பிடுங்கி, மண்ணோடு கொண்டுவந்து என் கையில் வைத்தார். "இந்தாங்க. ஒங்க முத்தத்துல நட்டு நீங்களே அளந்துக்குங்க. படிச்சவங்க அளந்தா மழையும் ஒழுங்காப் பெய்யும்." அத்தை வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் அதைத் தூக்கிக்கொண்டு வந்து பஸ்ஸுக்கு நின்றேன். விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அவருக்கும் மனமில்லை என்றுதான் நினைத்தேன். பஸ் வருவதற்குள் வெறுங்காலோடு இறங்கி வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, மலையைத்தான் பார்த்தார்.

"அப்ப நாங்க அங்க படுக்கலாமா, கூடாதா?"

"தெரியாது மச்சான்."

"புள்ளைக்குத் தெரியுமா?"

"அதுக்கும் இப்பத் தெரியாது."

 பிறகு என் கையிலிருந்து மழைமானியைப் பிடுங்கிக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டார். மறுநாள் காலையிலும் உனக்கு அவர் குரல் வந்திருக்கும். அது அளந்த எண்.

இப்போது நீ செய்யவேண்டியதைச் சொல்கிறேன். உங்கள் பல்கலைக்கழக வழக்கத்தை எனக்குச் சொன்னவள் நீதான். புத்தகம் அச்சாகி வந்ததும் நடுவில் துளை போட்டு, அந்தப் பழைய மரப்பலகையில் சுத்தியலால் ஆணி அடித்து நீயே மாட்டவேண்டும். அதற்குப் பிறகு அது ஊர்ச் சொத்து, யாரும் எடுத்துப் படிக்கலாம், படித்துவிட்டுக் கேள்வியோடு வரலாம். அந்த ஆணியை அடிப்பதற்கு முன்னால் இங்கிரிட் அம்மாவின் அறைக்குப் போ. முன்னால் போய்ச் சும்மா நிற்காதே. பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சொல். அந்த நாட்களை எடுத்துவிட்டுக் கணக்கை மறுபடியும் போடுவதற்கு ஒரு வருடம் ஆகும் என்றால் ஒரு வருடம் ஆகட்டும். பட்டம் இல்லாமல் திரும்பிவர நேர்ந்தால் வா. இந்த வீட்டில் உனக்குச் சோறு இருக்கிறது. கோயிலடியில் பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்ல என் வாய் இருக்கிறது. மாமாவைப் பற்றி எப்படிச் சொல்வது என்று யோசிக்காதே. அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல். மண்டை அளந்த கதையைத் தன் வாசலில் எழுதிவைத்த இடத்துக்கு இதைத் தாங்கமுடியாதா? தாங்கமுடியாது என்றால் அந்த வாசல் பலகையைக் கழற்றச் சொல்.

அவர்களுக்குச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை என்றால் இதையும் கேட்டுக்கொள். டிக்கட்டும் விசாவும் என் பெட்டியில் இருக்கின்றன. அம்மாவின் முழங்கால் இடம் கொடுக்காது, உன் ஆராய்ச்சியைச் சபையில் விசாரிக்கிற நாளுக்கு நான் தனியாகத்தான் வருகிறேன். பண்டாரவளையில் கம்பளிச் சட்டைகூட வாங்கிவிட்டேன். அந்த மண்டபத்தில் வேறு பல்கலைக்கழகத்துக்காரர் ஒருவரை எதிராளி என்றே பேர் வைத்துக் கூட்டிவந்து உன்னைக் கேள்வி கேட்கவைப்பார்கள் என்றாய். அது முடிந்ததும் தலைவர் எழுந்து, சபையில் வேறு யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று கேட்பாராம். தெருவில் போகிறவன்கூட வந்து கேட்கலாமாம். "யாரும் கேக்கமாட்டாங்கப்பா, சும்மா ஒரு சம்பிரதாயம். அதுக்கப்புறம் எல்லாரும் கேக் சாப்பிடப் போயிருவாங்க" என்று சொல்லிச் சிரித்தாய். நீ அதற்குள் சொல்லியிருந்தால் நானும் வாயைத் திறக்காமல் கேக் சாப்பிடுகிறேன். சொல்லியிருக்காவிட்டால் நான் கையைத் தூக்குவேன். லிங்கம் அந்த லயத்தில் படுக்கலாமா, கூடாதா என்று கேட்பேன். ஏன் கேட்கிறேன் என்பதையும் முழுவதும் சொல்வேன்.

எனக்கு இங்கிலீஷில் கேட்கத் தெரியும். ஆனால் தமிழில்தான் கேட்பேன். அந்த மண்டபத்தில் தமிழ் தெரிந்தவள் நீ ஒருத்திதான், நீதான் அதை அவர்களுக்குச் சொல்லவேண்டும். சின்னப் பிள்ளையாக இருந்தபோதே பதுளை ஆஸ்பத்திரியில் நம் சனங்களுக்காகச் சிங்களத்தில் பேசிக்கொடுத்தவள் நீ. டொக்டர் சொன்னது கசப்பாக இருந்தாலும் ஒரு சொல்லை விழுங்கியதில்லை, ஒரு சொல்லைக் கூட்டியதும் இல்லை. அதே மாதிரிச் சொல். என் கேள்வியை அவர்களுக்கு அவர்கள் பாஷையில் சொல். பதிலை எனக்குத் தமிழில் சொல். நான் திரும்பிவந்து லிங்கத்திடம் சொல்லவேண்டும்.

அப்பா